முதல் போடாத முதலாளி: அமெரிக்க ஈசாப் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

வேலையில் சேர்ந்த அன்று கையில் கொடுத்த காகிதக் கட்டில், பல் காப்பீட்டுக்கும் கண் காப்பீட்டுக்கும் நடுவே ஒரு தாள் இருந்தது. "வாழ்த்துகள்! இனி நீங்களும் இந்த நிறுவனத்தின் உரிமையாளர்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏதோ விளம்பரம் என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். மூன்று வருடம் அங்கேயே கிடந்தது. பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். பக்கத்தில் நின்றவர் அந்தப் பெரியவரின் கணக்கில் சேர்ந்திருந்த தொகையை என் காதில் சொன்னார். திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தேன். உங்களுக்கு அந்த மூன்று வருடம் வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் போட்டவர் முதலாளி என்பது நம் பேச்சு. ஈசாப் (ESOP), அதாவது ஊழியர் பங்கு உடைமைத் திட்டம், உள்ள நிறுவனத்தில் நீங்கள் கையிலிருந்து ஒரு காசு போடுவதில்லை, ஆனாலும் பங்கு உங்கள் பெயரில் ஏறுகிறது. ஆனால் அந்தச் சொல்லை இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம்: முதலை ஆள்பவர் முதலாளி. பங்கு தானாக வந்து சேர்ந்துவிடும். ஆளத் தெரிவதுதான் தானாக வராது. அதை உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில், எந்த ஈசாப் என்று தெளிவாகுங்கள்

இந்தியாவில் ஐ.டி. அல்லது ஸ்டார்ட்-அப் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் ஈசாப் என்றதும் ஸ்டாக் ஆப்ஷனை நினைப்பார்கள். அதாவது, இன்ன விலைக்கு இத்தனை பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை. காலம் வந்ததும் பணம் கட்டி வாங்க வேண்டும்; விலை ஏறினால் லாபம். அமெரிக்காவில் அதே பெயரில் இருப்பது வேறு சரக்கு. இது ஒரு ஓய்வூதியத் திட்டம். நிறுவனம் ஒரு டிரஸ்ட் அமைக்கிறது, அதாவது ஊழியர்களுக்காகப் பங்குகளை வைத்திருக்கும் ஒரு தனி அமைப்பு. அந்த டிரஸ்ட் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, ஊழியர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு வைத்து அதில் எழுதிக்கொண்டே போகிறது. பணம் கட்டுவது நிறுவனம்.

இதைத் தொடங்கி வைத்தவர் லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர். 1956-இல் கலிபோர்னியாவில் பெனின்சுலா நியூஸ்பேப்பர்ஸ் என்ற நிறுவனத்தின் வயதான உரிமையாளர்கள் ஓய்வு பெற நினைத்தார்கள், நிறுவனம் ஊழியர்கள் கைக்குப் போக வேண்டும் என்றும் விரும்பினார்கள். ஊழியர்களிடம் அவ்வளவு பணம் ஏது? டிரஸ்ட் கடன் வாங்கட்டும், நிறுவனம் சம்பாதித்து அந்தக் கடனை அடைக்கட்டும் என்றார் கெல்சோ. பணக்காரர்கள் சொத்து வாங்குகிற வழிதான் இது. கூலிக்காரருக்கும் அதே வழியைத் திறந்துவிட்டார். பிறகு லூயிசியானா செனட்டர் ரஸ்ஸல் லாங் இதைக் கையிலெடுத்தார். 1974-இல் வந்த எரிசா ஓய்வூதியச் சட்டத்தில் இதற்கு இடம் கிடைத்தது. இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 6,500 திட்டங்கள் இருக்கின்றன.

பழைய உரிமையாளர் தன் பங்கை டிரஸ்டுக்கு விற்பதற்கு அவருக்கென்று வரிச் சலுகையும் உண்டு. அது அவர் கவலை. நமக்கு முக்கியமான வரி விஷயம் வேறொன்று: எஸ் கார்ப்பரேஷன் என்ற வகையில் பதிவான நிறுவனம் முழுக்க முழுக்க ஈசாப் டிரஸ்டின் கையில் இருந்தால், அது அமெரிக்க மத்திய அரசுக்கு வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 1998 முதல் இந்த வசதி இருக்கிறது. கடனை அடைக்கவும் புது இயந்திரம் வாங்கவும் பணம் மிஞ்சுவது இதனால்தான். உங்கள் நிறுவனம் எந்த வகை, டிரஸ்டின் கையில் எத்தனை சதவீதம் என்ற இரண்டு கேள்விகளை முதல் வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்போது தொடங்குகிறது

சேர்ந்த அன்றே உரிமையாளர் என்று தாளில் போட்டிருந்தாலும், நடைமுறை அப்படி இருக்காது. பெரும்பாலான திட்டங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடப் பணி முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் என்பது பொதுவாக 1,000 மணி நேர வேலை. பகுதி நேரமாக வேலை செய்பவர்கள் இந்த 1,000 என்ற எண்ணில் கண் வைக்க வேண்டும். 980 மணியில் நின்றுபோனவரை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: விசாவில் இருக்கிறேனே, எனக்கும் உண்டா? கிரீன் கார்டு இருக்கிறதா என்று திட்டம் பார்ப்பதில்லை. அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஊழியரா என்றுதான் பார்க்கிறது. ஆனால் கன்சல்டிங் நிறுவனம் வழியாக அங்கே உட்கார்ந்திருக்கும் கான்ட்ராக்டர் என்றால் கிடையாது. பத்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் கிடையாது.

அடுத்தது வெஸ்டிங். கணக்கில் எழுதப்பட்ட பங்கு முழுக்க உங்களுடையதாக ஆவதற்குக் காலக்கெடு உண்டு. சட்டம் இரண்டு வழிகளுக்கு இடம் தருகிறது. ஒன்று, மூன்று வருடம் வரை பூஜ்யம், மூன்று முடிந்ததும் நூறு சதவீதம். இன்னொன்று, இரண்டாம் வருட முடிவில் 20, பிறகு வருடத்துக்கு 20 ஏறி, ஆறாம் வருடத்தில் நூறு. நிறுவனம் இதைவிடச் சீக்கிரம் கொடுக்கலாம், தாமதிக்கக் கூடாது. பாதியில் கிளம்புபவர் விட்டுப்போகும் பங்கு, பெரும்பாலான திட்டங்களில் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வேலை மாறுவதாக இருந்தால் இந்தத் தேதியைப் பார்த்துவிட்டு மாறுங்கள். மூன்று வாரம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் இருபது சதவீதத்தை அவசரத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

இதெல்லாம் திட்டச் சுருக்கம் என்ற கையேட்டில் இருக்கும். திட்டத்தில் நுழைந்த 90 நாட்களுக்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். வரவில்லையென்றால் கேளுங்கள், தயங்க வேண்டிய விஷயமில்லை.

ஸ்டேட்மென்ட்டை எண் எண்ணாகப் படியுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்டேட்மென்ட் வரும். பலர் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், புரிந்துவிடும்.

நிறுவனத்தில் மொத்தம் 5,00,000 பங்குகள். ஒரு பங்கின் விலை 40 டாலர். டிரஸ்ட் கடன் வாங்கித்தான் பங்குகளை வாங்கியது, அதனால் எல்லாப் பங்கும் ஆரம்பத்தில் ஒரு பொதுக் கணக்கில் பூட்டிக் கிடக்கும். வருடா வருடம் கடன் அடைய அடைய ஒரு பகுதி பூட்டிலிருந்து விடுபடும். இந்த வருடம் 25,000 பங்குகள் விடுபட்டன என்று வைத்துக்கொள்வோம். அதை ஊழியர்களுக்குச் சம்பள விகிதப்படி பிரிக்கிறார்கள். திட்டத்தில் இருக்கும் எல்லோருடைய சம்பளமும் சேர்ந்து 60 லட்சம் டாலர், உங்கள் சம்பளம் 60,000 டாலர். நூற்றில் ஒரு பங்கு நீங்கள். ஆக 250 பங்குகள் உங்கள் கணக்குக்கு வரும். விலைப்படி 10,000 டாலர்.

ஆனால் வெஸ்டிங் 20 சதவீதம் என்றால் இன்றைக்கு உங்களுக்குச் சொந்தம் 2,000 டாலர். அடுத்த வருடமும் 250 பங்குகள் வருகின்றன, விலை 44 ஆகிறது, வெஸ்டிங் 40 ஆகிறது. மொத்தம் 500 பங்குகள், 22,000 டாலர், அதில் உங்களுடையது 8,800. இரண்டாயிரம் எப்படி எண்ணாயிரத்து எண்ணூறு ஆனது? புதுப் பங்கு வந்தது, விலை ஏறியது, உரிமை சதவீதம் உயர்ந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. இதில் விலை மட்டும்தான் உங்கள் எல்லோருடைய வேலையையும் பொறுத்தது. மற்ற இரண்டும் காலத்தால் வருபவை. விலை இறங்கிய வருடத்தில்கூடக் கணக்கின் மொத்தத் தொகை கூடியிருக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்து ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். கால்குலேட்டரும் அரைமணி நேரமும் போதும். ஸ்டேட்மென்ட்டில் உள்ளதும் நீங்கள் போட்டதும் ஒத்துவரவில்லையென்றால் எச்.ஆரிடம் போங்கள். பெரும்பாலும் தவறு நம் பக்கம்தான் இருக்கும், ஆனால் அந்தப் பேச்சில் கற்றுக்கொள்வது அதிகம்.

விலையை யார் போடுகிறார்கள்

பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனம் என்றால் விலை தினமும் ஏறி இறங்காது. வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு சுயேச்சையான மதிப்பீட்டாளர் வந்து கணக்குகளைப் பார்க்கிறார். வரும் வருடங்களில் எவ்வளவு சம்பாதிக்கும், அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்கள் என்ன விலைக்குப் போகின்றன, கடன் எவ்வளவு என்றெல்லாம் பார்த்து ஒரு மதிப்பைச் சொல்கிறார். டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டி அதை ஆராய்ந்து விலையை முடிவு செய்கிறார். முதலாளியோ மேலாளரோ இஷ்டத்துக்குப் போடும் எண் இல்லை இது.

புதிதாக ஈசாப் ஆன நிறுவனத்தில் சேர்ந்திருந்தால் ஒரு அதிர்ச்சிக்குத் தயாராக இருங்கள். முதல் வருட விலை அடிமாட்டு விலையாகத் தெரியும். நிறுவனத்தின் மதிப்பு 2 கோடி டாலர், அதை வாங்க வாங்கிய கடன் ஒன்றரைக் கோடி என்றால், பங்குகளின் மதிப்பு மிச்சமுள்ள 50 லட்சம்தான். "விற்றவருக்கு நல்ல விலை கொடுத்துவிட்டு நமக்கு இதுதானா" என்று பட்டறையில் பேச்சு கிளம்பும். கடன் அடைய அடைய விலை மேலே வரும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. சொல்வதில்லை என்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

உங்கள் மேசைக்கும் அந்த விலைக்கும் நடுவே

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் பொருள் வீணானால் யாருக்கும் உறுத்தாது. இங்கே நெய் நம் வீட்டுடையது. ஆனால் உறுத்த வேண்டுமானால், எவ்வளவு சிந்துகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டறையில் பாழாகிப்போகும் உலோகத்தில் வருடத்துக்கு 40,000 டாலர் மிச்சப்படுத்துகிறார்கள். நிறுவனத்தின் மதிப்பு வருட லாபத்தைப் போல ஐந்து மடங்கு என்று மதிப்பிடப்படுவதாக வைத்துக்கொள்வோம். வரியும் இல்லை என்றால், மதிப்பு 2 லட்சம் டாலர் கூடுகிறது. ஐந்து லட்சம் பங்குகளால் வகுத்தால் பங்குக்கு 40 சென்ட். உங்கள் 500 பங்குகளுக்கு 200 டாலர்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். இதை மறைத்துப் பெரிதாகப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த 40,000 ஒருமுறை வந்து போவதில்லை, வருடா வருடம் மிஞ்சுகிறது. இதுபோல் பத்து இடத்தில் நடந்தால் விலையில் நான்கு டாலர். பதினைந்து வருடம் இருப்பவரின் கணக்கில் மூவாயிரம், நாலாயிரம் பங்குகள் இருக்கும். அவருக்கு அந்த நான்கு டாலரின் கனம் தெரியும். அன்று கேக் வெட்டிய பெரியவர் வெட்டும் கருவிகளை மழுங்கியதும் தூக்கிப் போடாமல் மறுபடி சாணை பிடித்து வைத்துக்கொள்வது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கஞ்சத்தனம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உங்களுக்கான வேலை: உங்கள் பிரிவில் ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். திரும்பி வரும் சரக்காக இருக்கலாம், வாடிக்கையாளர் பணம் கட்ட எடுத்துக்கொள்ளும் நாட்களாக இருக்கலாம், கிடங்கில் தேங்கிக் கிடக்கும் பொருளாக இருக்கலாம். அது பங்கு விலையை எப்படித் தொடுகிறது என்று கணக்குப் பிரிவில் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கலாசாரம் என்று அவர்கள் சொல்வது

ஈசாப் வந்தாலே ஊழியர்கள் முதலாளி மாதிரி உழைப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இதை ஆராய்ந்து பார்த்தது. ஈசாப் இருப்பதால் மட்டும் லாபம் கூடியதாகத் தெரியவில்லை. வேலை சார்ந்த முடிவுகளில் ஊழியர்களுக்கும் குரல் இருந்த நிறுவனங்களில்தான் உற்பத்தித் திறன் முன்னேறியிருந்தது.

இரண்டு உதாரணங்கள். யுனைடெட் ஏர்லைன்ஸ் 1994-இல் 55 சதவீதப் பங்கை ஊழியர்களுக்குக் கொடுத்தது, பதிலுக்கு அவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். விமானிகளும் மெக்கானிக்குகளும் சேர்ந்தார்கள், விமானப் பணிப்பெண்களின் சங்கம் சேரவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட இயக்குநர் குழுவில் ஊழியர்களுக்கு மூன்று இடம் கிடைத்தது. ஆனால் அன்றாட வேலையில் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் இருந்த பழைய பகை அப்படியே தொடர்ந்தது. 2000-ஆம் ஆண்டு கோடையில் ஒப்பந்தத் தகராறில் விமானிகள் ஓவர்டைம் பார்க்க மறுக்க, ஏராளமான விமானங்கள் ரத்தாயின. 2002 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. செப்டம்பர் 11 தாக்குதலும் அதற்குக் காரணம், எல்லாப் பழியையும் ஈசாப் மேல் போட முடியாது. இருந்தாலும் பாதிக்கு மேல் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் சொந்தக்காரர்களாக உணரவில்லை என்பது உண்மை.

இன்னொன்று, மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் பழைய என்ஜின்களைப் புதுப்பிக்கும் எஸ்.ஆர்.சி. நிறுவனம். 1983-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அந்தத் தொழிற்சாலையைக் கைகழுவ நினைத்தபோது ஜாக் ஸ்டாக் என்பவரும் மற்ற மேலாளர்களுமாக 13 பேர் வாங்கினார்கள். கையில் இருந்தது ஒரு லட்சம் டாலர், வாங்கிய கடன் 89 லட்சம். ஒரு இயந்திரம் நின்றால், ஒரு தவணை தவறினால் கதை முடிந்தது. அந்த நிலையில் கணக்கை மறைத்து வைத்து என்ன பயன்? பட்டறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வாராவாரம் கூடி, தங்கள் பிரிவின் எண்களைத் தாங்களே சொன்னார்கள். பத்து சென்ட்டில் தொடங்கிய பங்கு பல மடங்கு ஏறியது. திறந்த கணக்கு முறை என்று மற்ற நிறுவனங்கள் பின்பற்றுவது இங்கிருந்து கற்றதுதான்.

உங்கள் நிறுவனத்திலும் ஈசாப் குழு என்று ஒன்று இருக்கும். புதியவர் என்று தயங்காமல் சேர்ந்துவிடுங்கள், ஆள் கிடைக்காமல்தான் இருப்பார்கள். அங்கே போய் என்ன செய்யலாம், என்ன செய்ய வேண்டாம் என்று எங்கள் குழுவில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அக்டோபர் மாதத்தை ஊழியர் உடைமை மாதம் என்று கொண்டாடுகிறார்கள். டி-ஷர்ட், பீட்சா, வினாடி வினா எல்லாம் உண்டு. தப்பில்லை. ஆனால் எங்கள் குழு முதல் இரண்டு வருடம் டி-ஷர்ட்டின் நிறத்தை முடிவு செய்வதிலேயே கழிந்தது. யோசனைப் பெட்டி ஒன்று வைத்தோம். முதல் மாதம் நிறையச் சீட்டுகள் விழுந்தன. பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எங்களுக்கே தெரியாமல் போனது. நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது கடைசிச் சீட்டில், "இதை யாராவது படிக்கிறீர்களா?" என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு பெட்டியை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். யோசனையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும், பொறுப்பாளரின் பெயர் பக்கத்தில் வர வேண்டும், இரண்டு வாரத்துக்குள் 'செய்கிறோம்' அல்லது 'செய்ய முடியாது, காரணம் இது' என்று பதில் வர வேண்டும். 'முடியாது' என்ற பதிலுக்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலே வராததுதான் கோபம்.

கூட்டத்தைச் சின்னதாக வையுங்கள். வாரம் இருபது நிமிடம், நின்றபடியே, மூன்று நான்கு எண்கள். எண்ணைச் சொல்பவர் மேலாளராக இருக்கக் கூடாது, அந்த வேலையைச் செய்பவராக இருக்க வேண்டும். முதல் சில வாரம் தொண்டை வறண்டு போய்ச் சொல்வார்கள். ஒரு மாதத்தில், போன வாரம் ஏன் குறைந்தது என்று அவர்களே காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

புதிதாகச் சேர்பவருக்கு ஸ்டேட்மென்ட் விளக்குவதை ஸ்லைடு போட்டுப் பெரிய அறையில் செய்யாதீர்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவருடைய சொந்த எண்ணை வைத்துச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பிறர் முன் காட்டத் தயங்குபவருக்கு ஒரு கற்பனை எண்ணைக் கொடுத்துப் போடச் சொல்லலாம்.

விலை விழுந்த வருடம்தான் உண்மையான பரீட்சை. ஒருமுறை எங்கள் விலை விழுந்தபோது நிர்வாகம் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பியது. அடுத்த மூன்று வாரம் வதந்திதான் ஆட்சி செய்தது. நிறுவனத்தை விற்கப் போகிறார்கள் என்றுகூடப் பேச்சு. இரண்டு வருடம் கழித்து மறுபடி விழுந்தது. இந்த முறை நிதித் தலைவர் பட்டறைக்கே வந்து, பலகையில் எழுதி, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போனதால் இவ்வளவு, எஃகு விலையால் இவ்வளவு என்று பிரித்துக் காட்டினார். கேள்விகள் காரசாரமாக வந்தன. ஆனால் வதந்தி வரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "முதலாளி மாதிரி யோசி" என்று சொல்லிக் கூடுதல் நேரம் வேலை வாங்கிவிட்டு, கணக்கைக் கேட்டால் மட்டும் "அதெல்லாம் ரகசியம்" என்று சொல்லும் மேலாளர்கள் உண்டு. அதற்குப் பெயர் கலாசாரம் இல்லை. பணிவாக, எல்லோர் முன்னிலையிலும், கணக்கைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

எது உங்கள் கையில் இல்லை

உரிமையாளர் என்பதால் மேலாளரை மாற்றிவிட முடியாது. சந்தையில் இல்லாத நிறுவனத்தில் உங்கள் பங்குக்கான வாக்கைப் பெரும்பாலும் டிரஸ்டிதான் போடுகிறார். இயக்குநர் தேர்தலும் அதில் அடக்கம். இணைப்பு, கலைப்பு, ஏறத்தாழ எல்லாச் சொத்தையும் விற்பது போன்ற பெரிய விஷயங்களில் உங்கள் கணக்கில் உள்ள பங்குக்கு உங்களிடமே வாக்குக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். கொலராடோவின் நியூ பெல்ஜியம் பீர் நிறுவனம் முழுக்க ஊழியர்களுடையதாக இருந்தது. 2019-இல் ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு அதை விற்பதா என்று ஊழியர்கள் வாக்களித்து, விற்கச் சம்மதித்தார்கள்.

டிரஸ்டி பங்கேற்பாளர்களின் நலனுக்காக மட்டுமே முடிவெடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். டிரஸ்டி யார், நிறுவனத்தின் அதிகாரியா வெளியாளா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் பெரிதானால் தொழிலாளர் துறையின் ஊழியர் பயன் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது.

சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில்

வேலையும் இங்கே, ஓய்வுக்காலப் பணமும் இங்கே என்றால் நிறுவனம் கவிழும்போது இரண்டும் சேர்ந்து போகும். 2007-இல் ட்ரிப்யூன் செய்தி நிறுவனம் ஈசாப் வழியாகக் கைமாறியது, தலைக்கு மேல் கடன். 2008 டிசம்பரில் திவால். அதனால் 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதில் தனியாகப் போடுங்கள், அங்கே சொந்த நிறுவனப் பங்கு வேண்டாம். 55 வயதும் திட்டத்தில் பத்து வருடமும் ஆனவர், தன் ஈசாப் பங்கில் 25 சதவீதம் வரை வேறு முதலீட்டுக்கு மாற்றலாம். இந்த உரிமை ஆறு வருடம் இருக்கும், அதன் கடைசி வருடத்தில் வரம்பு 50 சதவீதம். இந்த வாய்ப்பு வரும்போது, நிறுவனத்தின் மேல் பாசம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

கிளம்பும்போது

ஓய்வு, ஊனம், இறப்பு என்றால் திட்டத்தின் அடுத்த கணக்கு வருட முடிவுக்குள் பணம் வரத் தொடங்க வேண்டும். வேறு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதற்குப் பின் வரும் ஆறாவது கணக்கு வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். டிரஸ்டின் கடன் பாக்கி இருந்தால் இன்னும் தாமதமாகலாம். பிறகும் மொத்தமாகத் தராமல் ஐந்து வருடத் தவணையாகத் தரலாம். இது ஏமாற்று இல்லை. போகிறவர்களின் பங்கை நிறுவனம் ரொக்கம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது, ஒரே வருடத்தில் முப்பது பேர் கிளம்பினால் கஜானா தாங்காது.

பணம் கைக்கு வரும்வரை வரி இல்லை. வரும்போது நேராக ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் அப்போதும் இல்லை. காசோலையாக வாங்கினால் 20 சதவீதத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் என்றால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும். 55 வயதாகும் வருடத்திலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டவருக்கு அபராதத்திலிருந்து விலக்கு உண்டு.

இந்தியாவுக்கே திரும்பிவிட்டாலும் வெஸ்ட் ஆன பணம் உங்களுடையதுதான். ஆனால் பழைய அபார்ட்மென்ட் முகவரிக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். வீடு மாறும்போதெல்லாம் முகவரியை மாற்றுங்கள், அலுவலக மின்னஞ்சலைத் தவிர்த்துச் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். வாரிசு படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். திருமணமானவருக்கு வாழ்க்கைத் துணைதான் சட்டப்படி வாரிசு, வேறு பெயர் போட அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே மறந்துபோன நண்பர்கள் எனக்கே நான்கு பேர் இருக்கிறார்கள். நாளைக்கு அலுவலகம் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும்.